குழாய்க்கு 30 ஆண்டு, துறைக்கு ஓர் ஆண்டா?

தமிழ்நாடு மாநிலத் திட்டக் குழுவின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். குடிநீர்த் திட்ட மதிப்பீடுகளோடு பணிக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். பெரிய பொருளாதாரமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மதிப்பீட்டுக் கோப்பின் முதல் பத்துப் பக்கத்தில் என்ன இருக்கும் என்பது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு துறையும் தன் நீண்டகாலக் கணக்கை எழுதி வைக்க வேண்டும் என்ற என் கோரிக்கையும் அங்கிருந்துதான் வருகிறது.

கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஒன்று போடும்போது மக்கள்தொகையை மூன்று கட்டமாகக் கணக்கிடுவோம்: தொடக்க ஆண்டு, இடைநிலை ஆண்டு, இறுதி ஆண்டு. இறுதி ஆண்டு என்றால் 30 வருடம் தள்ளி. மண்ணுக்குள் புதைக்கிற குழாயின் அளவை இறுதி ஆண்டுத் தேவைக்கு எடுப்போம். மோட்டாருக்கு 15 வருடக் கணக்கு போதும். மோட்டாரைக் கழற்றி மாற்றிவிடலாம், ஊர் முழுக்கத் தோண்டிக் குழாயை மாற்ற முடியாது, காரணம் அவ்வளவுதான். நாலு கிராமத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற சின்னக் கோப்புகூட இந்தக் கணக்கு இல்லாமல் மேலே நகராது. "இறுதி ஆண்டு மக்கள்தொகையை எந்த முறையில் எடுத்தீர்கள்?" என்ற குறிப்போடு மேசைக்கே திரும்பி வந்துவிடும்.

சரி, இப்போது துறைக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள். எந்தத் துறையுடையதாக இருந்தாலும் சரி. போன வருடம் செய்தது, இந்த வருடம் செய்யப்போவது, ஒதுக்கீடு, பயனாளிகள் எண்ணிக்கை, நடுவில் வண்ணப் படங்கள். பல ஆயிரம் கோடி செலவழிக்கும் துறைக்கு இறுதி ஆண்டு என்று ஒன்று கிடையாது. யாரும் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவதும் இல்லை.

இதன் விளைவை ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்றே பார்க்கலாம். வழக்கமான நகரப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 90 செ.மீ. வரை உயரம். அறுபது தாண்டிய அம்மா ஒருவர் ஒரு கையில் பையோடு முதல் படியில் முழங்காலை ஊன்றாத குறையாக ஏறுவார். பின்னால் நிற்பவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார். "சீக்கிரம் ஏறும்மா" என்று நடத்துநர் குரல் கொடுப்பார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தாழ்தளப் பேருந்தில் அந்த உயரம் சுமார் 40 செ.மீ.தான். அப்படிப்பட்ட பேருந்துகள் சென்னையில் 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கின. அதற்கு முன் மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய் வாதாட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் கணக்கு எல்லோர் கையிலும் இருந்தது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அப்போது தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதம். இன்று வாங்குகிற பேருந்து அன்றும் ஓடிக்கொண்டிருக்கும். கொள்முதல் கோப்பில் ஒரே ஒரு பத்தி இதைச் சொல்லியிருந்தால் வழக்குக்கே வேலை இருந்திருக்காது.

பள்ளிகளுக்கும் இதே கதைதான். மத்திய அரசின் 2020 மாதிரிப் பதிவுக் கணக்கில் நம் கருவுறுதல் விகிதம் 1.4, அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 பிள்ளைகள். இன்று எழுப்பும் வகுப்பறைக் கட்டடம், பிள்ளைகள் குறைந்துகொண்டே போகும் ஊரில் அரை நூற்றாண்டு நிற்கப் போகிறது.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சதுப்பு நிலத்தின் ஓரம் பெருங்குடியில் குப்பை கொட்டிய மாநகராட்சியே பிறகு காசு கொடுத்து அதை அள்ளிப் பிரிக்க வேண்டியதாயிற்று. 2022-இல் அந்த நிலத்துக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியும் வந்தது. கொட்டிய காலத்தில் அது மலிவான யோசனையாகத்தான் கோப்பில் இருந்திருக்கும்.

நம்மிடம் தொலைநோக்கு ஆவணங்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2012 மார்ச்சில் 'தொலைநோக்குத் திட்டம் 2023' வெளிவந்தது, 15 லட்சம் கோடி ரூபாய் முதலீடு என்ற கணக்கோடு. 2023-ஆம் ஆண்டும் வந்தது, போனது. ஆட்சி மாறியிருந்ததால் புதியவர்களுக்கு அது வேறொருவர் திட்டம். பழையவர்களும் அதை ஞாபகப்படுத்த ஆசைப்படவில்லை. எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று சட்டமன்றத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருந்தால் அடுத்த திட்டத்துக்கு எவ்வளவு உதவியிருக்கும்! உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையை மேடைதோறும் பேசுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்று அதே கல்வெட்டில் இருக்கும் வரியை யாரும் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை.

வெளிநாடுகளில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பின்லாந்து நாடாளுமன்றத்தில் 1993 முதல் எதிர்காலத்துக்கென்றே ஒரு குழு இருக்கிறது. ஒவ்வோர் அரசும் தன் பதவிக்காலத்தில் எதிர்கால அறிக்கை ஒன்றை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும், குழு அதற்குப் பதில் எழுதும். வேல்ஸில் 2015-இல் வருங்காலத் தலைமுறையினர் நலச் சட்டம் வந்தது, அதற்கென ஓர் ஆணையரும் வந்தார். நியூபோர்ட் நகருக்குத் தெற்கே எம்4 நெடுஞ்சாலைக்கு மாற்றுச் சாலை போடும் திட்டத்தை அன்றைய ஆணையர் சோஃபி ஹவ் வெளிப்படையாக எதிர்த்தார். விசாரணை அதிகாரியின் பரிந்துரை சாலைக்குச் சாதகமாகவே இருந்தது. ஆனாலும் 2019 ஜூனில் முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்டு அதைக் கைவிட்டார். செலவும் ஒரு காரணம், சாலை ஊடுருவிப் போக இருந்த சதுப்பு நிலமும் ஒரு காரணம். முழுப் புகழையும் சட்டத்துக்குக் கொடுக்க நான் தயாரில்லை. ஆணையருக்குத் தடுக்கும் அதிகாரம் கிடையாது, கேள்வி கேட்டு எழுதி வைக்க மட்டுமே முடியும்.

எனக்குப் பிடித்தது நியூசிலாந்து வழி, ஏனென்றால் அதற்குப் புது அலுவலகமோ புது வாகனமோ தேவையில்லை. 2020-இல் வந்த பொதுச்சேவைச் சட்டம், ஒவ்வொரு துறையின் தலைமை அதிகாரியும் மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது நீண்டகாலக் கண்ணோட்ட அறிக்கை எழுத வேண்டும் என்று விதித்தது. எந்தப் பொருளைப் பற்றி எழுதலாம் என்று முதலில் மக்களைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னது. எழுதுவது அமைச்சர் சொல்படி அல்ல, அதிகாரியின் சொந்தப் பொறுப்பில்.

அதனால் நான் கேட்பது ஆணையமோ மாநாடோ அல்ல. கொள்கை விளக்கக் குறிப்பின் கடைசியில் ஓர் அத்தியாயம். அதில் மூன்று விஷயம் இருக்கட்டும்: இந்தத் துறை இந்த ஆண்டு எடுத்த முடிவுகளில் குழாய் மாதிரி மாற்ற முடியாதவை எவை, அவற்றுக்கு எடுத்துக்கொண்ட இறுதி ஆண்டு எது, பத்தாண்டுக்கு முன் இதே துறை சொன்னதில் எவ்வளவு நடந்தது. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் கை தயங்கும், அப்புறம் பழகிவிடும். போக்குவரத்து, பள்ளிக் கல்வி, நீர்வளம் என்று மூன்று துறைகளில் தொடங்கினால் போதும். உங்கள் குழுவின் தலைவர் முதலமைச்சர்தான் என்பதால் இதைக் கொண்டுபோய்ச் சேர்க்க உங்களுக்கு நீண்ட வழி இல்லை.

தேர்தல் நேரத்தில் இதெல்லாம் எதிர்க்கட்சிக்குத் தீனியாகிவிடும் என்று அமைச்சர்கள் யோசிக்கக்கூடும், நியாயம்தான். அந்த அத்தியாயத்தில் மட்டும் துறைச் செயலாளர் கையெழுத்தே போதும் என்று விதி எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற குடிநீர்த் திட்டப் பொறியாளர் ஒருவர்