கால் பார்க்கக் கற்றுக்கொண்டேன்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. தில்லைநகரில் ஒரு பியூட்டிஷியன் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், அதனால்தான் பதில் தாமதம். வீட்டு முன்னறை சும்மாதானே கிடக்கிறது, அதில் சின்னதாக ஒரு பார்லர் போடலாம் என்று எண்ணம். புருவம், ஃபேஷியல் முடிந்து இப்போது பெடிக்யூர் நடக்கிறது.

காலை ஊறவைத்து, தேய்த்து, நகப்பூச்சு போடுவதுதான் பெடிக்யூர் என்று நினைத்திருந்தேன். முதல் மூன்று நாளும் எங்கள் மேடம் யார் காலையும் தொட விடவில்லை. டப்பைக் கழுவு, நகவெட்டியைக் கழுவு, இதேதான். சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, அலசித் துடைத்து, அப்புறம்தான் கிருமிநாசினி. அழுக்கு ஒட்டியிருந்தால் மருந்து அதற்கு அடியில் போகாது. சும்மா முக்கி எடுப்பதும் போதாது. பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் முழுக்க, பெரும்பாலும் 10 நிமிடம், சாமான் மூழ்கியே கிடக்க வேண்டும். பார்லர்களில் நீல விளக்கு எரியும் பெட்டி வைத்திருப்பார்களே, அது சுத்தம் செய்த சாமானை எடுத்து வைக்கத்தான். நகம் தேய்க்கும் அட்டை அரம், மரக்குச்சி, குதிகால் தேய்க்கும் பியூமிஸ் கல் இதெல்லாம் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒருவருக்கு எடுத்தால் அவரோடு சரி.

2000-இல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் என்ற ஊரில், ஒரே பார்லருக்குப் போய்வந்த நூறு பேருக்கு மேல் முழங்காலுக்குக் கீழே கட்டி கட்டியாகப் புண் வந்ததாம். தண்ணீர் சுழலும் தொட்டியில், சல்லடைக்குப் பின்னால் முடியும் தோலும் அடைத்துக் கிடந்து, அங்கே கிருமி பெருகியிருக்கிறது. காலை ஷேவ் செய்துகொண்டு போனவர்களுக்குத்தான் அதிகம் வந்ததாம். இதைக் கேட்டதிலிருந்து டப் கழுவ எனக்கு அலுப்பே வருவதில்லை. உள்ளே குழாய், சல்லடை எதுவும் இல்லாத சாதாரண பிளாஸ்டிக் டப்தான் வாங்கப்போகிறேன்.

உன் அக்கா கல்யாணத்துக்கு முந்தின வாரம் நாம் ஒரு பார்லருக்குப் போனோமே, ஞாபகமிருக்கிறதா? நகத்தின் அடியோரத் தோலை அந்தப் பெண் சரக்கென்று வெட்டினாள். மூன்றாம் நாள் எனக்குக் கால் கட்டைவிரலில் நகச்சுற்று. முகூர்த்தத்தன்று செருப்புக்கூடப் போட முடியவில்லை. அந்தத் தோல்தான் உள்ளே கிருமி போகாமல் அடைத்துக்கொண்டிருப்பது என்று இப்போதுதான் தெரிகிறது. ஊறியபின் மெல்லத் தள்ளிவிடலாம், வெட்டக் கூடாது. நகத்தையும் நேராக வெட்ட வேண்டும்; ஓரத்தை வளைத்து உள்ளே வெட்டினால் சதைக்குள் வளரும். பித்தவெடிப்பில் பிளேடு படவே கூடாது.

சரி, நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை பயிற்சிக்காக அறுபது வயது அம்மா ஒருவர் வந்தார். தண்ணீரில் வைப்பதற்கு முன்னால் காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது மேடம் வைத்த சட்டம். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன். பன்னிரண்டு வருஷமா இருக்கும்மா என்றார். மெட்டியைக் கழற்றச் சம்மதிக்கவில்லை, கொஞ்சம் நகர்த்தினேன். அடியில் தோல் வெளுத்து ஊறியிருந்தது, சேற்றுப்புண் ஆரம்பம். பாதத்தைத் திருப்பினால் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, சுற்றிலும் சிவப்பு. முள். "எப்பம்மா குத்துச்சு?" என்றால், "முள்ளா? எங்கே?" என்று என்னையே கேட்கிறார். எத்தனை நாள் அதோடு நடந்தாரோ. மேடம் டப்பை ஓரம் தள்ளிவிட்டு, ஆட்டோ வைத்து உடனே டாக்டரிடம் அனுப்பினார். உள்ளே சீழ் வைத்திருந்ததாம்.

அன்று ராத்திரி எனக்கு உன் அம்மா நினைவாகவே இருந்தது கலா. அவருக்கும் சர்க்கரை வந்து பத்து வருடம் இருக்குமே. நெல்லையப்பர் கோயில் பிராகாரத்தை மத்தியான வெயிலில் வெறுங்காலோடு சுற்றுகிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய். சர்க்கரையால் கால் நரம்பு மரத்துப்போனால் கல் சுடுவது தெரியாது, கொப்புளித்த பிறகும் தெரியாது. காலையிலோ இருட்டியபிறகோ போகச் சொல். காலில் வெந்நீர் ஊற்றுவதாக இருந்தால் முதலில் உன் முழங்கையை விட்டுப் பார். ரொம்ப நேரம் ஊறவும் வேண்டாம். விரல் இடுக்கை ஒற்றித் துடை. தேங்காய் எண்ணெய் குதிகாலுக்குத் தடவலாம், இடுக்கில் வேண்டாம். கால் ஆணி இருந்தால் கார்ன் பிளாஸ்திரி போடாதே, அதிலிருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். டாக்டரிடம் காட்டு.

பொங்கல் கழிந்து வருகிறேன். அம்மாவின் கால் நகத்தை, டாக்டர் சரி என்றால், நானே வெட்டிவிடுகிறேன். இன்று ராத்திரி அவர் கால் நீட்டி உட்காரும்போது டார்ச் அடித்து இரண்டு உள்ளங்காலையும் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய். மெட்டிக்கு அடியிலும் பார்.

அன்புடன்,
மல்லிகா