முன்பணம் கொடுக்கும் முன் படி

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறோம். இரண்டு பக்கம் புரொஜக்டர் பெருமை பாடிவிட்டு, கடைசி வரியில் பழைய சினிமாவின் 16 எம்.எம். கலர் பிரிண்டுக்கு (ஃபிலிம் பிரதிக்கு) சனிக்கிழமை முன்பணம் தருவதாக எழுதியிருக்கிறாய். அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவசரத்தில் நீ மாறவே இல்லையடா!

முதலில் மோந்து பார். வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. விற்பதற்கு முன் காற்றாட விட்டிருந்தால் வாடை குறைந்திருக்கும். அதனால் டப்பா மூடியின் உட்புறத்தையும் ரீலின் அடிச்சுற்றுகளையும் மோந்து பார். ஓரம் அலையலையாக நெளிந்திருந்தாலோ வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ பேச்சே வேண்டாம். வெளியேறும் அமிலமே சிதைவை முடுக்கிவிடும். இதற்கு மருந்து கிடையாது. பக்கத்தில் இருக்கும் ரீல்களையும் பிடிக்கும். அண்ணாச்சி கொடுத்த கறுப்பு வெள்ளை ரீல்கள் உன் பீரோவில்தானே இருக்கின்றன? அவற்றை நினைத்துத்தான் இவ்வளவு எழுதுகிறேன். என்னிடம் ஏ-டி ஸ்ட்ரிப் இருக்கிறது, அமிலம் பட்டால் நிறம் மாறும் காகிதத் துண்டு. அனுப்புகிறேன். மூடிய டப்பாவுக்குள் ஒரு நாள் வை. நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சைக்குப் போனால் விட்டுவிடு, மஞ்சள் என்றால் முற்றிய நிலை.

அடுத்து, ஃபிலிம் சுருங்கியிருக்கிறதா என்று பார். 100 ஃபிரேம் எண்ணி ஸ்கேலில் வைத்து அள. 762 மி.மீ. இருக்க வேண்டும். 756-க்குக் கீழே வந்தால் புரொஜக்டரில் ஏற்றாதே. ஃபிலிமை இழுக்கும் புரொஜக்டர் நகம் ஓர ஓட்டையில் சரியாக விழாமல் கிழித்துவிடும்.

கலர் விஷயத்தில் வாய்வார்த்தையை நம்பாதே. 1980-களின் தொடக்கத்துக்கு முந்தைய ஈஸ்ட்மன்கலர் (கோடாக் கலர் ஃபிலிம்) என்றால் முதலில் போவது சயான், அதாவது நீலப்பச்சைச் சாயம். இருட்டான காட்சி ஒன்றை வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார். கறுப்பு செம்பழுப்பாகத் தெரிந்தால் வெளுத்துவிட்டது. ஓட்டும்போது அதைத் திருத்த வழியில்லை.

கோடுகளைப் பார்த்துப் பயப்படாதே, நிறத்தைப் பார். திரையில் கறுப்பாக விழுவது பெரும்பாலும் பின்புறக் கீறல், பொறுத்துக்கொள்ளலாம். பச்சை, மஞ்சள், வெள்ளை என்றால் படம் பதிந்த பூச்சான எமல்ஷனே போயிருக்கிறது. வெள்ளைதான் மிக ஆழம். சவுண்ட் டிராக்மேல் பல்சக்கரத் தடம் ஓடியிருந்தால் படம் முழுக்க கரகரக்கும்.

முதல் ரீலின் நடுப்பகுதியைக் காட்டித்தான் விற்பார்கள். எல்லா ரீலையும் கையுறை போட்டுக்கொண்டு மெதுவாகச் சுற்று. ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே ஓடவிட்டால் கிழிசலும் ஒட்டும் தட்டுப்படும். ஒட்டுகள் ரீலின் தலையிலும் வாலிலும்தான் குவியும். ஃபிலிம் பசையால் ஒட்டிய பழைய சிமென்ட் ஒட்டுகளை லேசாக வளைத்துப் பார், பிரிந்தால் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

நீளத்தை மறக்காதே. சென்சார் சான்றிதழில் 35 எம்.எம். நீளம் மீட்டரில் இருக்கும். அதை 0.4-ஆல் பெருக்கு, 4,000 மீட்டர் படம் 16-இல் 1,600 மீட்டர் வர வேண்டும். பாட்டுகளை வெட்டி எடுத்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். ஒரே படத்தின் ரீல்களில் நிறம் மாறினால் இரண்டு பிரிண்டைச் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்.

ஸ்ட்ரிப் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதே. அதற்குள் வேறு யாரோ வாங்கிவிட்டால் வாங்கட்டும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
மணி