அந்த அரை மணி நேரத்துக்குக் காரணம் துத்தநாகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்துக் கேள்வி பதிலில், சாதாரண இன்சுலின் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடச் சொல்லியிருந்தீர்கள். சரிதான், ஆனால் ஏன் என்றும் ஒரு வரி எழுதியிருக்கலாம். "ஊசிதான் போட்டாச்சே" என்று உடனே தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுகிற பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் காரணத்தை யாரும் சொன்னதில்லை.

காரணம் துத்தநாகம். இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதம். அது முதலில் இரண்டிரண்டாகச் சேரும், அப்புறம் துத்தநாக அயனி கிடைத்தால் மூன்று ஜோடிகள் தாமாகவே கூடி ஆறு மூலக்கூறுகள் கொண்ட கட்டாகிவிடும். ஒரு கட்டுக்கு இரண்டே அயனிகள். இன்சுலினில் ஏ, பி என்று இரண்டு அமினோ அமிலச் சங்கிலிகள் உண்டு. பி சங்கிலியின் 10ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. மூன்று மூலக்கூறுகளின் ஹிஸ்டிடின்கள் சேர்ந்து ஓர் அயனியைப் பிடித்துக்கொள்கின்றன. நம் கணையம் இன்சுலினைச் சேமித்து வைப்பதும் இப்படித்தான். துத்தநாகம் இல்லாமல் இன்சுலின் ஒழுங்காகப் படிகமாகாது என்று 1934லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் படிகத்தின் உள்ளமைப்பை 1969ல் பிரிட்டிஷ் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் குழு வெளியிட்டது. அந்தக் குழுவில் இருந்த எம். விஜயன் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றியவர். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியவில்லையே என்பது எனக்கு வருத்தம்.

தோலுக்கடியில் போன கட்டு அப்படியே ரத்தக் குழாய்க்குள் நுழைய முடியாது, அவ்வளவு பெரிசு. அங்கே நீர்த்துப்போய், துத்தநாகம் விலகி, ஆறு இரண்டாகி, இரண்டு ஒன்றாகப் பிரிந்தால்தான் வேகமாக ரத்தத்தில் சேரும். அரை மணி நேரம் அதற்குத்தான். 1996ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லிஸ்ப்ரோ இன்சுலினில் பி சங்கிலியின் 28, 29ஆம் இடங்களில் உள்ள புரோலின், லைசின் என்ற அமினோ அமிலங்களை இடம் மாற்றிவிட்டார்கள், வேறொன்றுமில்லை. கட்டு சட்டென்று உடைகிறது, காத்திருக்கும் நேரமும் குறைந்துவிட்டது.

கலங்கலான இன்சுலின் இதற்கு நேர் எதிர். மெதுவாகக் கரைய வேண்டும் என்றே புரோட்டமின் என்ற புரதத்தையும் கொஞ்சம் துத்தநாகத்தையும் சேர்த்து நுண்ணிய படிகங்களாக்கியிருக்கிறார்கள். குப்பியை அசைக்காமல் வைத்தால் அது வெள்ளையாக அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். அப்படியே சிரிஞ்சில் இழுத்தால் அளவு தப்பிவிடும். அதனால்தான் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் குப்பியை மெதுவாக உருட்டிவிட்டு எடுக்கச் சொல்கிறார்கள்.

அடுத்த முறை இன்சுலின் பற்றி எழுதும்போது ஆறு மூலக்கூறும் இரண்டு துத்தநாகமும் உள்ள அந்தப் படத்தையும் பக்கத்தில் போடுங்கள். எந்த இன்சுலினுக்கு எவ்வளவு நேரம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும் மறக்காமல் சொல்லுங்கள், எல்லாக் குப்பிக்கும் ஒரே கணக்கு இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கும்பகோணம்