சாயங்காலம் கூடைப்பந்து கோர்ட்டில் எங்கள் பெண் பிள்ளைகளுக்கும் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயாவுக்கும் முதல்வர் அம்மாவுக்கும் வணக்கம்.

நான் நம் கல்லூரியில் பி.காம். படித்தவள். மூன்று வருடமும் மகளிர் கூடைப்பந்து அணியில் ஆடினேன். போன மாதம் முன்னாள் மாணவர் கூட்டத்துக்கு வந்தபோது கோர்ட் பக்கம் போனேன். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அணிப் பிள்ளைகள் நாலு பேர் ஷூ மாட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். "எப்பம்மா ஆடுவீங்க?" என்று கேட்டேன். "அண்ணங்க முடிச்சதும்தான் அக்கா. ஆனா ஆறு மணிக்கு ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிருவாங்க" என்றாள் ஒருத்தி. நாங்கள் படித்த காலத்தில் சொன்ன அதே பதில். மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் மடியில் இருந்த பந்தை வாங்கிப் பார்த்தேன். ஆண்கள் ஆடும் ஏழாம் நம்பர் பந்து, மேல்புள்ளிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பெண்கள் ஆட்டத்துக்கு விதிப்படி ஆறாம் நம்பர் பந்துதான். அதன் எடை 510 முதல் 550 கிராம். ஏழாம் நம்பர் 580 முதல் 620 கிராம். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். நான் படித்தபோது ஏழில் பழகின கையோடு, ஆறாம் நம்பர் பந்தில் ஆடும் சோனல் மேட்ச்சில் இறங்கினேன். எறிந்ததெல்லாம் வளையத்தைத் தாண்டிப் போர்டில் பட்டுத் தெறித்தது. முதல் கால்பகுதி பத்தே நிமிடம். கைக்குப் பிடி கிடைப்பதற்குள் பதினான்கு பாயின்ட் பின்தங்கிவிட்டோம். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது யாரும் பேசவில்லை.

பையன்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சின்னக் கல்லூரி நம்முடையது. என் இரண்டாம் வருடத்தில் எங்கள் அணியில் ஏழு பேர்தான். ஐந்துக்கு ஐந்து ஆடிப் பழக ஆள் போதாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களில் மூன்று பேர் வந்து எதிர்ப்பக்கம் நின்று ஆடினார்கள். வளையத்தில் விழாமல் தெறித்து வரும் பந்தைப் பிடிக்க, அதாவது ரிபவுண்ட் எடுக்க, நான் கற்றது அந்த அண்ணன்களை இடித்துத் தள்ளித்தான்.

கல்லூரி சின்னது என்பதால் எதுவும் முடியாது என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இம்மாகுலேட்டா என்ற சிறிய மகளிர் கல்லூரி 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று வருடம் தேசிய கூடைப்பந்துப் பட்டம் வாங்கியது. அவ்வளவு தூரம் போவானேன், இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரை சென்னைப் பெண்தானே. 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுக்கிறார்கள். நம் பிள்ளைகளில் பலர் அவர்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். ஆட்டத்தால் ஒரு வேலை கிடைத்தால் அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புது கோர்ட் கட்டச் சொல்லவில்லை. திங்கள், புதன், வெள்ளி பையன்களுக்கு. செவ்வாய், வியாழன், சனி பெண்களுக்கு. தனக்கு இல்லாத நாளில் மற்ற அணி வந்து எதிரணியாக நிற்கட்டும், இரண்டு பேருக்கும் ஆள் பஞ்சம் தீரும். பயிற்சி உள்ள நாட்களில் மட்டும் ஹாஸ்டல் கேட்டை ஏழரை வரை திறந்து வையுங்கள். கூட ஒரு மேடம் நிற்கட்டும், பெற்றோரும் நிம்மதியாக இருப்பார்கள்.

ஆறாம் நம்பர் பந்து நாலு, பழைய அணிக்காரிகள் நாங்கள் காசு போட்டு வாங்கிவிட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவருகிறேன். எத்தனை மணிக்கு வரலாம் என்று பி.டி. சாரிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மகளிர் கூடைப்பந்து அணியின் முன்னாள் மாணவி