அறுபது, இருபது, இருபது

அன்புள்ள கண்ணு,

நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து நடத்தப்போகும் ஆடிட் ஆபீஸுக்கு நீ அனுப்பின எல்.எல்.பி. (பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டாண்மை) ஒப்பந்த வரைவைப் பிரின்ட் எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். லாபத்தில் உனக்கு அறுபது சதவீதம், மற்ற இரண்டு பேருக்கும் இருபது இருபது என்று போட்டிருக்கிறாய். கிளையன்ட் முக்கால்வாசி நீ பிடித்துக் கொண்டுவந்தவர்கள், அதனால் அது நியாயம்தான் என்கிறாய். அப்பாவுக்கு அங்கேயே பென்சில் நின்றுவிட்டது.

ஒன்றும் எழுதாமல் விட்டால் சமபங்குதான். 1932 கூட்டாண்மைச் சட்டம் 13ஆம் பிரிவும், 2008 எல்.எல்.பி. சட்டத்தின் முதல் அட்டவணையும் அதைத்தான் சொல்கின்றன. நீ அறுபது வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது எந்த வருஷம் ஐம்பதாகும், எந்த வருஷம் நாற்பதாகும் என்பதையும் இப்போதே, மூன்று பேரும் சிரித்த முகமாக இருக்கும்போதே எழுதிவிடு.

நான் ஆர்ட்டிகிளாக, அதாவது சி.ஏ. பயிற்சி மாணவனாகச் சேர்ந்து, பிறகு ஐந்து சதவீதப் பார்ட்னராக இருந்த ஆபீஸைப் பற்றி உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. ஊரார் கணக்கையெல்லாம் புரட்டினேன். என் ஆபீஸ் கணக்கை மட்டும் ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. ஆபீஸின் மூத்த பார்ட்னரான பெரியவர் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார், வருஷக் கடைசியில் செக் கொடுப்பார், வாங்கிக்கொள்வோம். நல்ல மனுஷர், தொழிலில் கெட்டிக்காரர். ஓர் அக்டோபரில், டாக்ஸ் ஆடிட் வேலையெல்லாம் முடிந்த அடுத்த வாரம், மாரடைப்பில் போய்விட்டார்.

பார்ட்னர் இறந்தால் என்ன செய்வது என்று எங்கள் டீடில், அதாவது கூட்டாண்மை ஒப்பந்தத்தில், ஒரு வரி இல்லை. கூட்டாண்மைச் சட்டம் 42ஆம் பிரிவுப்படி நிறுவனம் அன்றோடு கலைந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு லாபத்தில் பங்கு தொடர வேண்டுமானால் ஒப்பந்தத்தில் அது இருக்க வேண்டும் என்பது நம் சி.ஏ. இன்ஸ்டிட்யூட் விதி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெரியவர் மனைவி ஆபீஸுக்கு வந்து, "எங்களுக்கு என்னப்பா வரும்?" என்று கேட்டார். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பிறகு குட்வில்லுக்கு, அதாவது ஆபீஸின் நற்பெயருக்கான விலைக்குச் சண்டை, பெயர்ப் பலகைக்குச் சண்டை. மார்ச் வருவதற்குள் மில்காரர்கள் எல்லாரும் வேறு ஆடிட்டரிடம் போய்விட்டார்கள். எல்.எல்.பி. சாவோடு கலையாது என்று நீ சொல்வாய். சட்டப்படி கலையாது. கிளையன்ட் கலைவதை எந்தச் சட்டமும் தடுக்காது, கண்ணு.

அதனால்தான் பிறகு என் சொந்த ஆபீஸில் ஏப்ரல் முதல் சனிக்கிழமை கணக்குப் புத்தகம் மேஜைமேல் எல்லார் முன்னாலும் விரிந்து கிடக்கும். பொள்ளாச்சியிலிருந்து ஆர்ட்டிகிளாக வந்த பையனை, அவன் கேட்பதற்கு முன்பே பார்ட்னராக்கினேன். உனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டின வருஷம் அது. என் பங்கில் பத்து சதவீதம் குறைந்தது, அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று அந்த ஆபீஸை நடத்துவது அவன்தான்.

மெக்கின்சி என்ற அமெரிக்க நிர்வாக ஆலோசனை நிறுவனத்தை வளர்த்த மார்வின் போவர், 1963இல் அறுபது வயதானபோது தன் பங்குகளைப் புத்தக மதிப்புக்கே, அதாவது கணக்குப் புத்தகத்தில் இருந்த மதிப்புக்கே, நிறுவனத்துக்கு விற்றார். சந்தை விலை கேட்டிருந்தால் பல மடங்கு கிடைத்திருக்கும். பின்னால் வருகிறவர்கள் கடன்படாமல் பங்கு வாங்க முடிந்தது அதனால்தான் என்று நான் நம்புகிறேன். நான் விலகினபோது மூலதனக் கணக்கில் என் பெயரில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன், குட்வில் கேட்கவில்லை. அவருடைய கதை அன்று எனக்குத் தைரியம் தந்தது.

உன் வரைவில் விலகல் பற்றி இரண்டே வரி இருக்கிறது. அதை இரண்டு பக்கமாக்கு. யார் போனாலும், நீயே போனாலும், என்ன கணக்கில் எப்போது பணம் தருவது என்று தெளிவாக இருக்கட்டும். ஆர்ட்டிகிளாக வரும் பிள்ளைகள் எப்போது பார்ட்னராகலாம் என்பதற்கும் ஓர் இடம் ஒதுக்கு.

பென்சில் குறிப்போடு காகிதத்தைக் கூரியரில் போட்டிருக்கிறேன். நீ மட்டும் படித்து வைத்துவிடாதே, அவர்கள் இரண்டு பேரிடமும் காட்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கோயமுத்தூர் வாருங்கள். அம்மா அரிசி பருப்பு சாதம் செய்கிறேன் என்கிறாள். சாப்பிட்டுவிட்டு ஒவ்வொரு பிரிவாகப் பேசுவோம்.

அன்புடன்,
அப்பா