எடை மட்டும் கேட்டால் போதுமா? ஓர் அங்கன்வாடி டீச்சரின் திறந்த மடல்

குழந்தை வளர்ச்சித் திட்டங்களை வகுக்கிற, மேற்பார்வை செய்கிற அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஒரு கிராமத்து அங்கன்வாடிப் பணியாளர். ஊரில் டீச்சர் என்பார்கள், வயதானவர்களுக்கு இன்னமும் பால்வாடி டீச்சர்தான். சம்பளம் பற்றி எழுதப் போவதில்லை, அதற்குச் சங்கம் இருக்கிறது. மையத்துக்கே வராத கைக்குழந்தைகளைப் பற்றி எழுதுகிறேன்.

எங்களிடம் வந்து உட்காருவது இரண்டு வயது முடிந்த பிள்ளைகள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு எங்களால் கிடைப்பது சத்துமாவு பாக்கெட்டும், மாதம் ஒருமுறை எடை, உயரம் பார்ப்பதும்தான். கழுத்து நின்றதா, குப்புற விழுந்ததா, சத்தம் கேட்டால் திரும்புகிறதா என்பதெல்லாம் தாய் சேய் அட்டையில் படத்தோடு இருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் மேலே இருந்து போனில் வருகிற கேள்வி, "எடை போட்டாச்சா, ஆப்ல ஏத்தியாச்சா?" அவ்வளவுதான். கேட்கிறதைத்தானே நாங்களும் செய்வோம்.

2023 நவம்பரில் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே அங்கன்வாடி நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. நல்ல ஆவணம். குறைபாட்டின் அறிகுறி தெரிகிறதா என்று சீக்கிரம் பாருங்கள், குழந்தையை எல்லோரோடும் சேர்த்துக்கொண்டு குடும்பத்துக்குத் துணையாக இருங்கள், மருத்துவக் குழுவிடம் அனுப்புங்கள் என்கிறது. பார்ப்பதும் அனுப்புவதும் எப்படியோ நடந்துவிடும். நடுவில் உள்ள அந்தத் துணைக்குத்தான் எங்கள் வேலை நேரத்தில் இடமே இல்லை.

துணை என்றால் என்ன என்று ஒரு வீட்டைச் சொல்கிறேன். பிறந்ததும் அழாமல் இன்குபேட்டரில் இருந்த பையன், பெருமூளை வாதம், அதாவது மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை, கை கால் விறைப்பு, வயது ஒன்றரை. அவன் அம்மா அவனை மடியில் மல்லாக்கப் போட்டுக் கஞ்சியை ஊற்றுவாள், அவன் இருமி இருமித் துப்புவான், பாட்டி நெஞ்சுச் சளி என்று தைலம் தேய்ப்பார். எனக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து காட்டினார்: சுவர் மூலையில் நிமிர்த்தி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பழைய சேலையைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, கால்கள் பின்னிக்கொள்ளாமல் இருக்கத் தொடைகளுக்கு நடுவிலும் ஒரு சுருட்டு வைத்து, தலை பின்னால் சாயாமல் பார்த்துக்கொண்டு, கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாக்கி, ஸ்பூனை மேலிருந்து கொண்டுவராமல் வாய்க்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் அம்மாவின் கைக்குப் பழக வாரக்கணக்கில் ஆனது, பாட்டி ஒத்துக்கொள்ள அதற்கும் மேல். இருமல் குறைந்தது, எடை ஏறியது. ஆமாம், நீங்கள் கேட்கிற அதே எடைதான்.

அந்த வீட்டுக்கு நான் போனதெல்லாம் மையம் மூடிய பிறகு. கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் பிள்ளை இப்படி என்று மாமியார் சொல்வதை அவள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள், கணவர் திருப்பூரில். என்னிடம் அவள் முதலில் கேட்டது சிகிச்சையைப் பற்றி இல்லை, "என் மேலதான் தப்பா டீச்சர்?" என்றுதான். இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

இன்னொரு தெருவில் பேச்சு வராத பெண் குழந்தை. "அவங்க அப்பனே நாலு வயசுலதான் பேசினான்" என்று வீட்டார் நிம்மதியாக இருந்தார்கள். பேச்சு வராததற்குக் காது கேளாதது காரணமாக இருக்கலாம். காது விஷயத்தில் பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு காக்ளியர் இம்பிளாண்ட், அதாவது காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும் ஆபரேஷன் செய்ய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் இருக்கிறது என்பதே அந்த வீட்டுக்குத் தெரியாது. ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய என்கிற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருவது வருடத்துக்கு இரண்டு முறை. கைக்குழந்தைக்கு ஆறு மாதம் என்பது சின்னக் காலமா, நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் அனுப்புகிற விஷயம். மாவட்ட அளவிலான சிகிச்சை மையத்தில் வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விறைத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி, நூறு நாள் வேலைக் கூலியை விட்டுவிட்டு, வாராவாரம் எந்த அம்மா போவாள்? தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், பயிற்சி கொடுத்த உள்ளூர்ப் பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பி, தெரபிஸ்ட்கள் பின்னாலிருந்து வழிகாட்ட, சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறது. நம் மாநிலத்திலேயே நடக்கிற காரியம். அங்கன்வாடி இல்லாத ஊர் எது? ஆள் ஏற்கெனவே ஊரில் இருக்கிறாள், அவளுக்கு நேரம்தான் இல்லை.

நேரம் எங்கே போகிறது என்று கேட்டால் போனைக் காட்டுவேன். சத்துமாவு கொடுக்க அம்மாவின் முகத்தைப் படம் பிடிக்க வேண்டும், டவர் கிடைக்காமல் வாசலில் வரிசை நிற்கும், நான் போனை உயரத் தூக்கிக்கொண்டு நிற்பேன், உள்ளே பிள்ளைகளை உதவியாளர் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனவே கேட்பது இதுதான். வாரத்தில் இரண்டு மதியம் கைக்குழந்தை வீடுகளுக்குப் போக விடுங்கள், அதை வேலை நேரமாக எழுதுங்கள், திடீர் ஆய்வுக்கு வருகிறவர் "டீச்சர் மையத்தில் இல்லை" என்று குறிப்பு எழுதாதபடிக்கு. மாத அறிக்கையில் எடைக்குப் பக்கத்திலேயே கழுத்து, காது, பார்வை, பேச்சு பற்றிக் கேளுங்கள், நீங்கள் கேட்டால் நாங்கள் கட்டாயம் பார்ப்போம். சுற்று வட்டார அங்கன்வாடிப் பணியாளர்கள் கூடுகிற செக்டார் கூட்டத்துக்கு மாதம் ஒரு தெரபிஸ்ட் வந்தால் போதும், ஆனால் ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டாம், ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு செய்து காட்டட்டும். இரண்டு வயது முடிந்ததும் இந்தப் பிள்ளைகளும் மற்றவர்களோடு மையத்தில் வந்து உட்கார வேண்டும். "பார்த்துக்க ஆள் இல்லை" என்று நாங்கள் தட்டிக் கழிக்காமல் இருக்க, அந்த மையங்களுக்கு இன்னொரு உதவியாளரைக் கொடுங்கள்.

அந்தப் பையன் நின்று பழக ஒரு மரப்பலகை வேண்டும். ஊர் ஆசாரி கூலி வாங்காமல் செய்து தருகிறேன் என்கிறார். அளவு எடுக்க பிசியோ ஒருவரை ஒரு வேலைநாளில் அனுப்புங்கள், இந்தத் தடவையாவது ஞாயிற்றுக்கிழமையாக இல்லாமல்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடி டீச்சர்