அடுத்தவர் பெயர் தெரிந்தால் அது ஹேக்கிங்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன் கணக்கில் நுழைந்தவருக்கு வேறொருவரின் பெயரும் ஆர்டரும் தெரிந்தால், உடனே 'ஹேக்கிங்' என்று செய்தி வந்துவிடுகிறது. வெளியாள் யாரும் கை வைக்காமலே இது நடக்கும். பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் கேஷ் அமைப்பில் பிசகு ஒரு காரணம். புரோகிராமர்கள் சறுக்கும் இன்னொரு இடம், ஆப்ஜெக்டின் ஸ்கோப்; அதாவது புரோகிராம் ஓடும்போது உருவாகும் ஓர் ஆப்ஜெக்ட் எவ்வளவு காலம் இருக்கும், யார் யாருக்குப் பொது என்பது.

ஜாவா மொழியில் வெப் ஆப் எழுத உதவும் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிளாஸுக்கு (ஆப்ஜெக்டின் அச்சு) வேண்டிய மற்ற ஆப்ஜெக்டுகளை, அவற்றைப் பராமரிக்கும் ஸ்பிரிங்கின் கன்டெய்னரே உருவாக்கிக் கையில் கொடுப்பதுதான் டிபென்டென்சி இன்ஜெக்ஷன். இப்படிக் கன்டெய்னர் பராமரிக்கும் ஆப்ஜெக்டுக்கு பீன் என்று பெயர். ஸ்கோப் எதுவும் குறிப்பிடாவிட்டால் அந்த பீன் சிங்கிள்டன். கன்டெய்னருக்கு ஒன்றே ஒன்று. ஆப்பை இயக்கும் சர்வரான டாம்கேட், பயனர்களிடமிருந்து வரும் ரெக்வெஸ்டுகளை ஒரே நேரத்தில் கவனிக்க, வழக்கமாக 200 த்ரெட் (இணையாக ஓடும் வேலை இழை) வரை ஓட்டும். அத்தனையும் தொடுவது அந்த ஒரே ஆப்ஜெக்டைத்தான். அதில் 'நடப்புப் பயனர்' என்று ஒரு ஃபீல்டு (மதிப்பைச் சேமிக்கும் இடம்) வைத்தால் தீர்ந்தது: ஒருவர் பெயரை எழுதித் திரும்பப் படிப்பதற்குள் அடுத்த ரெக்வெஸ்ட் அதன்மேல் எழுதிவிடும். லேப்டாப்பில் ஒற்றை ஆளாகச் சோதிக்கும்போது இது தலைகாட்டாது.

'ரெக்வெஸ்டுக்கு ஒரு தனி ஆப்ஜெக்ட் தரும் ரெக்வெஸ்ட் ஸ்கோப் போட்டால் போதுமே' என்பார்கள். பிராக்ஸி (அந்தந்த ரெக்வெஸ்டின் ஆப்ஜெக்டுக்குத் திருப்பிவிடும் இடையாள்) இல்லாமல் அதை சிங்கிள்டனுக்குள் செருகினால் ஆப் கிளம்பாது; தொடங்கும் நேரத்தில் ரெக்வெஸ்ட் ஏது? ஸ்பிரிங் 4.3 முதல் உள்ள ரெக்வெஸ்ட்ஸ்கோப் அனோட்டேஷன் (கோடில் எழுதும் குறிப்பு) பிராக்ஸியையும் சேர்த்தே போட்டுவிடும். கேட்கும் ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட் தரும் புரோட்டோடைப் ஸ்கோப்தான் மோசம். எர்ரரே வராது, சிங்கிள்டன் பிறக்கும்போது ஒருமுறை உள்ளே போன ஆப்ஜெக்ட் கடைசிவரை அங்கேயே இருக்கும். என்னைக் கேட்டால், பயனர் விவரத்தை ஃபீல்டில் வைக்காமல், வேலையைச் செய்யும் மெத்தடுக்கு பாராமீட்டராக (உள்ளீடாக) அனுப்புவதே உத்தமம்.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதுபவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. அதன் வெப் ஃபிரேம்வொர்க்கான ஏஎஸ்பி டாட்நெட் கோரில் சிங்கிள்டனுக்குள் ஸ்கோப்டு சர்வீஸை (ரெக்வெஸ்டுக்கு ஒன்றாக உருவாகும் ஆப்ஜெக்டை) வைத்தால் டெவலப்மென்ட் சூழலில் எர்ரர் காட்டும். புரொடக்ஷனில் (பயனர்கள் பயன்படுத்தும் நிஜத் தளத்தில்) அந்தச் சோதனை இயல்பாகவே அணைந்திருக்கும். வேலிடேட்ஸ்கோப்ஸ் என்ற செட்டிங்கை ட்ரூ என்று வைத்தால்தான் அங்கேயும் பிடிபடும்.

சந்தேகம் இருந்தால் ஃபீல்டில் எழுதும் வரிக்கும் படிக்கும் வரிக்கும் நடுவே த்ரெட்டை 5 நொடி தூங்க வையுங்கள். இரண்டு வேறு பிரவுசரில் இரண்டு பயனராக நுழைந்து, 2 நொடி இடைவெளியில் பட்டனை அழுத்துங்கள். முதல் திரையிலும் இரண்டாமவர் பெயரே வந்து நிற்கும்.

இப்படிக்கு,
வெப் டெவலப்பரான ஒரு வாசகர்